முந்திய பூனைக்கு என்ன நடந்தது?

தெருவிலிருந்து மீட்ட பூனைக்குட்டிகளை வளர்ப்புக்குக் கொடுப்பவர்கள் உலகின் பல இடங்களில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “இதுக்கு முதல் வளர்த்த பூனைக்கு என்ன நடந்தது?” வயது போய்ச் செத்தது என்றால் நல்ல பதில். வாகனத்தில் அடிபட்டது என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள். இடம் மாறும்போது விட்டுவிட்டு வந்தோம் என்றால் அதோடு சரி, அந்த வீட்டுக்குக் குட்டி இல்லை.

முள்ளிவாய்க்காலில் இருபத்தைந்து வயதைத் தாண்டிய எவரிடமும் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். “விட்டிட்டுத்தான் வந்தனாங்கள்” என்ற பதில்தான் வரும். கேட்டவர் அதற்குப் பிறகு வேறொன்றும் கேட்க முடியாமல் நிற்க வேண்டியிருக்கும்.

குட்டிக்கு நல்ல வீடு பார்ப்பது என்பது இந்த மண்ணில் எப்படி நடக்க வேண்டும் என்பதைத்தான் இக்கட்டுரை பேசுகிறது. வெளிநாட்டு அமைப்புகள் எழுதிவைத்த நல்ல விதிகள் நிறைய உண்டு. அவற்றில் பாதி இங்கே பொருந்தும். மறுபாதி இங்குள்ள சனத்தைப் புண்படுத்தும். எது பொருந்தும், எது புண்படுத்தும் என்று பிரித்தறிவது குட்டிகளை மீட்கத் தொடங்கியிருக்கும் நம் இளையவர்களுக்கு அவசியமான வேலை.

உரபாக்கில் வரும் குட்டிகள்

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நந்திக்கடல், நடுவில் பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதி. முள்ளிவாய்க்காலில் பூனைக்கு இரை இருக்கும் இடங்கள் தெளிவானவை. கரையில் மீன் வாடிகள், வீதியோரச் சாப்பாட்டுக் கடைகள், நெல் மூட்டை அடுக்கிய வீடுகள். பூனையை வேண்டாதவர்கள் குட்டிகளைக் கொண்டுபோய் விடும் இடங்களும் அவைதான். கூடவே சந்தை, கோயில் வீதி, பாடசாலை மதிலடி. உரபாக்கில் போட்டு, வாயைக் கட்டி, மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். பூனை வழி கண்டு திரும்பி வந்துவிடும் என்பதால் பாலத்துக்கு அப்பால், களப்புக்கு அப்பால் விடுவதும் உண்டு.

பகலின் நீளத்தைப் பொறுத்தே பூனை சினைப்படும். ஐரோப்பாவில் குளிர்காலப் பகல் சுருங்கும்போது அது ஓய்ந்துவிடும். பகலும் இரவும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும் நம் நாட்டில் அந்த ஓய்வு இல்லை. ஆண்டு முழுவதும் குட்டிதான். நான்கு ஐந்து மாதத்திலேயே ஒரு பெட்டை சினைப்படலாம். ஒன்பது கிழமையில் குட்டி போடும். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினையும் பிடிக்கலாம். ஆகவே ஒரு வீட்டில் ஒரேயொரு பெட்டைப் பூனை இருந்தால் அந்த வீட்டுக்காரர் ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை உரபாக்கைத் தேடுகிறார். அவரைக் கல்நெஞ்சர் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அவருக்கு வேறு வழி எதையும் யாரும் கொண்டுவந்து காட்டவில்லை.

இந்தக் குட்டிகளை எடுப்பவர்கள் பெரும்பாலும் தனி ஆட்கள். பாடசாலைக்குப் போகும் வழியில் சத்தம் கேட்டு நின்ற பிள்ளை, கடைக்குப் பின்னால் பெட்டியொன்றில் வைத்துப் பார்க்கும் கடைக்காரர், ஓய்வூதியம் எடுக்கும் ஆசிரியை. இயக்கச்சியில் கலாநிதி ஆறு திருமுருகன் அவர்களின் சிவபூமி அறக்கட்டளை நாய்களுக்கென ஒரு சரணாலயம் நடத்துகிறது. வடக்கில் கைவிடப்பட்ட விலங்குக்கும் ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணத்துக்கு அது மதிப்பைத் தேடித் தந்திருக்கிறது. ஆனால் நாய்க்குச் சரிவருவது பூனைக்கு அப்படியே சரிவராது. பல இடத்துக் குட்டிகளை ஒரே கூட்டில் அடைத்தால் பூனைக் காய்ச்சலும் பார்வோ வைரஸ் இனத்தால் வரும் குடல் நோயும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரவி ஒரு கிழமைக்குள் கூட்டையே காலியாக்கிவிடும். தடுப்பூசி போடாத குட்டிக்கு வீடுதான் பாதுகாப்பு. அதனால்தான் வீடு தேடுவது இவ்வளவு முக்கியமாகிறது.

வீடு தேடும் அவசரத்தில் முதலாவது பிழை நடக்கிறது. கண் திறந்து நடக்கத் தொடங்கியதுமே குட்டியைக் கொடுத்துவிடுகிறார்கள். எட்டுக் கிழமை வரையாவது அது தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் இருக்க வேண்டும். கடியின் அளவை அது அங்கேதான் படிக்கிறது. இரண்டாம் கிழமைக்கும் ஏழாம் கிழமைக்கும் இடையில் மனிதக் கை பழகாத குட்டி பிறகு ஆளைக் கண்டால் ஓடும். வயதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பிறந்த குட்டியின் கண் நீலம். ஆறு ஏழு கிழமையில்தான் அது மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறத் தொடங்கும். கண் இன்னும் நீலமாக இருக்கும் குட்டியை யார் எவ்வளவு கெஞ்சிக் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

“கடுவன் எண்டால் தாங்கோ”

குட்டி எடுக்க வருபவர்கள் முதலில் பார்ப்பது வாலுக்குக் கீழேதான். “கடுவன் எண்டால் தாங்கோ, பெட்டை வேண்டாம்.” கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இதே பேச்சுத்தான். அதனால் ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளில் கடுவன்கள் முதலில் போய்விடும். கறுப்பும் வெள்ளையும் செம்மஞ்சளும் கலந்த மூன்று நிறக் குட்டி கடைசிவரை நிற்கும். செம்மஞ்சள் நிறத்துக்கான மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதால் மூன்று நிறக் குட்டி அநேகமாக எப்போதும் பெட்டையாகவே இருக்கும். ஆட்களுக்கு மரபணு தெரியாது, ஆனால் அனுபவத்தில் இது தெரியும்.

யாரும் கேட்காமல் கடைசியாக நிற்கும் அந்தப் பெட்டைக் குட்டிக்கு ஆள் வந்தால், கொடுப்பவர் மகிழ்ச்சியில் ஒன்றும் கேட்காமல் கொடுத்துவிடுவார். ஆறாம் மாதம் அது அங்கே குட்டி போடும். அந்தக் குட்டிகள் மறுபடி சந்தையடிக்கு வரும். ஒரு குட்டியைக் காப்பாற்றியதாக நினைத்தவர் அடுத்த நான்கைத் தெருவுக்கு அனுப்பியிருக்கிறார். கேள்வி கேட்காத இரக்கத்தால் வரும் கேடு இது.

எனவே கேட்கத்தான் வேண்டும். எப்படிக் கேட்பது?

மேலைநாடுகளில் குட்டி எடுக்க விரும்புபவர் பல பக்கப் படிவம் நிரப்புகிறார். சொந்த வீடா வாடகையா, வேலி எத்தனை அடி, வேலை என்ன, எத்தனை மணி நேரம் வீட்டில் இருப்பீர்கள், சாட்சிக்கு யார், மிருக வைத்தியர் யார். பிறகு வீடு பார்க்க ஆள் வரும். ஒப்பந்தத்தில் கையெழுத்து, கட்டணம். இவ்வளவு கடுமைக்குக் காரணம் இல்லாமலில்லை. கனடாவில் லூக்கா மக்னோட்டா என்பவன் 2010ஆம் ஆண்டு பூனைக்குட்டிகளைக் கொன்று அதைப் படம்பிடித்து இணையத்தில் போட்டான். 2012இல் மொன்றியலில் ஜுன் லின் என்ற மாணவரைக் கொலை செய்தான். அப்படியொரு செய்திக்குப் பிறகு, இலவசமாகக் குட்டி கேட்டு வரும் முன்பின் தெரியாத ஆளை அங்கே சந்தேகத்தோடு பார்ப்பதில் வியப்பில்லை.

கடுமைக்கு மறுபக்கமும் உண்டு. 2007இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நட்சத்திரம் எலன் டிஜெனரஸ் ஒரு மீட்பு அமைப்பிடம் எடுத்த இக்கி என்ற நாய்க்குட்டி தன் வீட்டுப் பூனைகளோடு ஒத்துப்போகாததால், தனக்குச் சிகை அலங்காரம் செய்பவரின் குடும்பத்துக்கு அதைக் கொடுத்துவிட்டார். எங்களைக் கேட்காமல் கைமாற்றக் கூடாது என்ற ஒப்பந்த விதியைக் காட்டி அமைப்பு அந்த வீட்டிலிருந்து குட்டியை எடுத்துக்கொண்டு போனது. எலன் தொலைக்காட்சியிலேயே அழுதார். விதி சரிதான். ஆனால் குட்டி நன்றாக இருந்த வீட்டிலிருந்து அதைப் பறித்ததால் குட்டிக்கு என்ன நன்மை என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அதன் பிறகு அமெரிக்காவின் பெரிய விலங்கு நல அமைப்புகள் பலவும் நீண்ட படிவத்தைக் கைவிட்டு, வந்தவரோடு உட்கார்ந்து பேசிப் பார்க்கும் முறைக்கு மாறின. பணம் கொடுத்து எடுத்தவர் அதிக அன்பு காட்டுவார் என்ற நம்பிக்கையையும் ஆய்ந்து பார்த்தார்கள். கட்டணம் கட்டிப் பூனை எடுத்தவர்களுக்கும் இலவசமாக எடுத்தவர்களுக்கும் பூனைமேல் உள்ள பற்றில் வித்தியாசம் இல்லை என்று 2009இல் வெளியான ஆய்வு சொன்னது. காசு வைத்து மனிதரை அளக்காதீர்கள் என்று நம்மூர்ப் பெரியவர்கள் சொல்வதற்கு ஆய்வுச் சாட்சி அது.

விபரம் எடுக்க வந்தவர்கள்

முள்ளிவாய்க்காலில் படிவம் என்ற சாமான் வேறு நினைவுகளோடு வருகிறது. ஓமந்தைச் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்று பெயர் கொடுத்த சனம் இது. மெனிக் பாம் முகாமில் கூடாரத்துக்குக் கூடாரம் பதிவு செய்யப்பட்ட சனம். புனர்வாழ்வு முகாமுக்குப் போய்வந்த பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் இருக்கின்றன. காணாமல் ஆக்கப்பட்டவருக்காக ஆணைக்குழு ஆணைக்குழுவாக ஏறி ஒரே கதையைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன தாய்மார் இருக்கிறார்கள். வாசலில் ஒருவர் வந்து நின்று “விபரம் எடுக்க வந்திருக்கிறம், வீட்டில ஆர் ஆர் இருக்கினம்?” என்று கேட்டால் அது பூனைக்குட்டிக்காக என்று அவர்களின் நெஞ்சு உடனே நம்பாது. தனியே வாழும் பெண்ணிடம் “உங்களோட வேற ஆர் இருக்கினம்?” என்று கேட்பது இன்னும் கொடுமை.

சொந்தக் காணியா என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டபோது கடைசியாக வெளியேறிய கேப்பாப்புலவுக் குடும்பங்கள் தங்கள் ஊருக்குப் போய்ச் சேரவில்லை. காணி இராணுவத்திடம் இருந்தது. சீனியாமோட்டையில் இறக்கிவிட்டார்கள். 2017 மார்ச்சில் அவர்கள் முகாம் வாசலில் உட்கார்ந்து போராடத் தொடங்கினார்கள். நிரந்தர முகவரி இல்லாதவருக்குக் குட்டி தரமாட்டோம் என்று ஒரு விதி இருந்தால், அந்த ஊரில் ஒரு பூனைகூட இருந்திருக்காது. காணி உறுதி இல்லை, மதில் இல்லை, மாதச் சம்பளம் இல்லை என்பதற்கும் பூனை வளர்க்கும் தகுதிக்கும் தொடர்பில்லை. தகரக் கொட்டிலில் இருந்துகொண்டு தன் தட்டில் உள்ள மீன் தலையைப் பூனைக்கு ஒதுக்கி வைப்பவரை நான் நம்புவேன்.

அதனால் என் கருத்து இது: அடையாள அட்டை இலக்கம் கேட்காதீர்கள். படிவம் அச்சடிக்காதீர்கள். வீட்டைச் சோதிக்கப் போகாதீர்கள். குட்டியைக் கூடையில் வைத்து நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். வாசலில் வாங்குபவர் உங்களை உள்ளே கூப்பிடுவார், தேத்தண்ணி தருவார். அந்தத் தேத்தண்ணி முடிவதற்குள் பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்துவிடலாம். நாய் கட்டியிருக்கிறதா, கிணற்றுக்குக் கட்டு இருக்கிறதா, வீதி எவ்வளவு கிட்ட, எலிப்பாசாணம் எங்கே வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் குட்டியைத் தூக்கும் விதம் எப்படி, வீட்டில் யார் முகம் சுளிக்கிறார். யாரும் விசாரிக்கப்பட்டதாக உணரமாட்டார்கள். மனதுக்குச் சரிவரவில்லை என்றால் “இண்டைக்குக் காட்டத்தான் கொண்டு வந்தனான்” என்று கூடையோடு திரும்பவும் வழி இருக்கிறது.

நியூ ஓர்லியன்ஸ் சொன்ன பாடம்

முந்திய பூனை பற்றிய கேள்விக்கு வருவோம்.

2005 ஓகஸ்ட் 29இல் கத்ரீனா சூறாவளி அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸைத் தாக்கியது. தஞ்சம் புகும் இடங்களிலும் ஏற்றிச் செல்லும் பஸ்களிலும் விலங்குகளுக்கு இடமில்லை என்றார்கள். ஒரு சிறுவனிடமிருந்து அவனுடைய நாயைப் பிரித்தபோது, ‘ஸ்னோபோல்’ என்று அதன் பெயரைச் சொல்லிச் சொல்லி அவன் வாந்தி எடுக்கும்வரை அழுத செய்தி உலகம் முழுவதும் போனது. பிறகு தொண்டர்கள் வெள்ளத்துக்குள் இறங்கி ஆயிரக்கணக்கான நாய் பூனைகளை மீட்டு, வேறு மாநிலங்களுக்குக் கொண்டுபோய், புது வீடுகளுக்குக் கொடுத்தார்கள். நல்ல மனதோடுதான் செய்தார்கள். மாதங்கள் கழித்துப் பழைய உரிமையாளர்கள் தேடி வந்தபோது சிக்கல் வெடித்தது. விட்டுவிட்டு ஓடியவர்களுக்கு இனி என்ன உரிமை, அவர்கள் வளர்க்கத் தகுதியில்லாதவர்கள் என்று புதிய உரிமையாளர்களில் சிலர் மறுத்தார்கள். வழக்குகள் நீதிமன்றம் போயின. இழந்தவர்களில் அநேகர் ஏழைகள், கார் இல்லாதவர்கள், கறுப்பின மக்கள். இந்தப் போராட்டத்தை ‘மைன்’ என்ற ஆவணப்படம் 2009இல் காட்டியது. அதற்கு முன்பே, 2006இல், மக்களை வெளியேற்றும் திட்டங்களில் அவர்களின் வளர்ப்பு விலங்குகளுக்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் கொண்டுவந்துவிட்டது.

அந்தப் படம் வெளிவந்த அதே 2009இல் வன்னியில் நடந்ததைப் படமெடுக்க யாரும் உள்ளே விடப்படவில்லை. ஜனவரி 2இல் கிளிநொச்சி வீழ்ந்தது. சனம் தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், வலைஞர்மடம் என்று இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்காலுக்கு வந்து சேர்ந்தது. நாய் ஆளோடு வரும், பூனை வீட்டோடு நிற்கும். உழவு இயந்திரப் பெட்டியில் அரிசி மூட்டைக்கும் தகரத்துக்கும் நடுவே பூனையைக் கூடையில் வைத்துக் காவியவர்களும் இருந்தார்கள். ஒவ்வொரு இடப்பெயர்விலும் ஒரு சாமான் குறைந்தது. உழவு இயந்திரம் போய்ச் சைக்கிள், சைக்கிள் போய்க் கால். போர் முடிந்த மே 18ஐ நெருங்கியபோது சொந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரமுடியாதவர்கள் அந்த மணலில் இருந்தார்கள். இப்படிப்பட்ட இடத்தில் “ஏன் விட்டுவிட்டு வந்தீர்கள்?” என்று படிவத்தில் ஒரு கட்டம் வைப்பதற்கு எவருக்கும் உரிமை இல்லை.

அப்படியானால் அந்தக் கேள்வியைக் கைவிட்டுவிடலாமா? வேண்டாம். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். சிலர் ஒரு சொல்லோடு முடிப்பார்கள், அதற்கு மேல் கிளறாதீர்கள். சிலர் சொல்லத் தொடங்குவார்கள். அதன் நிறம், பெயர், எந்தக் கட்டிலுக்குக் கீழே குட்டி போட்டது, கடைசியாகச் சோறு வைத்த இடம். வீட்டை இழந்து, ஆட்களை இழந்து, இவ்வளவு காலம் கழிந்தும் ஒரு பூனையின் வால்நுனி வெள்ளை என்பதை மறக்காதிருப்பவரைவிட நல்ல வளர்ப்பாளரை நீங்கள் எங்கே தேடுவீர்கள்? அவரிடம் வேறு சோதனை எதுவும் வேண்டியதில்லை.

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வளர்த்த பூனையைப் பற்றி மட்டும் விபரமாகக் கேளுங்கள். அங்கே யுத்தத்தின்மேல் பழியைப் போட முடியாது. “அது எங்கயோ போட்டுது” என்ற பதில் இரண்டு மூன்று பூனைகளுக்குத் தொடர்ந்து வந்தால், அந்த வீட்டுக்குக் குட்டி போகக் கூடாது.

கேட்க வேண்டியவை

இங்கே உண்மையில் குட்டியைக் கொல்வது என்ன என்று பார்த்தால் எதைக் கேட்க வேண்டும் என்பது தெரியும். தெரு நாய், ஏ35 வீதியில் பறக்கும் பஸ்ஸும் டிப்பரும், எலிப்பாசாணம் தின்ற எலி, பட்டினி, பிறகு மறுபடியும் உரபாக். மக்னோட்டாக்கள் இங்கே நமது முதல் கவலை இல்லை.

வீட்டில் எல்லோருக்கும் விருப்பமா என்பது முதலில் தெரிய வேண்டும். பிள்ளை கேட்கிறது என்று அப்பா எடுத்துக்கொண்டு போவார். வீட்டில் நின்று சோறு வைக்க வேண்டியவர் அம்மம்மா. அவருக்குப் பூனை ஆகாது என்றால் அந்தக் குட்டி ஒரு மாதம் தங்காது. முட்டு வருத்தம் உள்ள பிள்ளை இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் பெண் உள்ள வீடுகளில் பூனையால் தீங்கு வரும் என்ற பயம் உண்டு. பயத்தில் அடிப்படை இருக்கிறது. பூனை மலத்தில் வரும் ஒட்டுண்ணி கருவைப் பாதிக்கக்கூடியது. ஆனால் அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். வேறொருவர் தினமும் மலத்தை அகற்றிவிட்டால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும். இதைச் சொல்லிக் கொடுத்தால் குட்டி திரும்பி வராது.

சாப்பாட்டைப் பற்றிச் சைவ வீடுகளில் கூச்சமில்லாமல் பேச வேண்டும். பூனை சோறும் பாலும் மட்டும் உண்டு வாழும் பிராணி இல்லை. தோரின் என்ற சத்து மீனிலும் இறைச்சியிலும்தான் அதற்குக் கிடைக்கும். அது குறைந்தால் கண் கெடும், இதயம் வீங்கும். கலிபோர்னியாவில் போல் பயன் என்ற மிருக வைத்தியரின் குழு 1987இல் இதய நோய்க்கும் இந்தச் சத்துக்கும் உள்ள தொடர்பை நிறுவிய பிறகுதான் பூனை உணவு செய்யும் கம்பனிகளே தங்கள் கலவையை மாற்றின. கடற்கரை ஊரில் இதற்குச் செலவில்லை. மீன் தலையை அவித்து, அவித்த தண்ணீரையும் சோற்றோடு சேர்த்துப் பிசைந்து கொடுக்கலாம். சத்து அந்தத் தண்ணீரில் இறங்கிவிடுவதால் அதை ஊற்றிவிடக் கூடாது. வீட்டுக்குள் மீன் வரவே கூடாது என்பவர்களுக்குப் பூனையைக் கொடுப்பது அவர்களுக்கும் தொல்லை, பூனைக்கும் தொல்லை.

கோழிக்குஞ்சு வளர்ப்பவரிடம் கூடு எப்படி என்று கேளுங்கள். நாய் உள்ளவரிடம் முதல் இரண்டு கிழமை குட்டியை எங்கே வைப்பீர்கள் என்று கேளுங்கள்.

வெள்ளம் வந்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் மறக்காமல் கேட்க வேண்டும். 2004 டிசெம்பர் 26இன் சுனாமி இந்தக் கரையைத் துடைத்துக்கொண்டு போனது. 2020 டிசெம்பரில் புரேவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில்தான் கரை ஏறியது. மார்கழி மழையில் பாடசாலைக்கு ஓட வேண்டி வரலாம் என்பது இங்கே கற்பனை இல்லை. மூடியுள்ள கூடையோ பழங்கள் வரும் பிளாஸ்ரிக் பெட்டியோ ஒன்று வீட்டில் ஆயத்தமாக இருக்கட்டும் என்று குட்டியோடு சேர்த்தே கொடுத்துவிட்டால் நல்லது. இந்தக் கேள்வியைக் கேட்கும்போது பலர் முகம் மாறுவதைப் பார்க்கலாம். இந்த முறை விட்டுவிட்டு ஓட வேண்டியதில்லை என்று ஒருவர் சொல்வதைக் கேட்பது அவர்களுக்கு அவ்வளவு பெரிய காரியம்.

கடைசியாக, வாக்கு. “ஏலாமல் போனால் சந்தையில விடாதேங்கோ, என்னட்டையே கொண்டு வாங்கோ, ஒண்டும் கேட்கமாட்டன்.” இதை இரண்டு தடவை சொல்லுங்கள். கையெழுத்து வேண்டாம். குட்டி திரும்பி வரும் நாளில் முகம் சுளிக்காமல் வாங்குங்கள். அந்த ஒரு சம்பவம் ஊரில் பரவினால் அடுத்த பத்துப் பேரும் உங்களிடமே கொண்டுவருவார்கள்.

கொடுக்கும்போது சொல்லிக் கொடுக்க வேண்டியவை இரண்டு. குட்டிக்குக் காய்ச்சல் என்று பனடோல் கொடுக்கக் கூடாது. பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது, அரைக் குளிசையே கொல்லலாம். அடுத்தது விசர்நோய். இலங்கையில் 1973இல் 377 பேர் விசர்நாய்க்கடி நோயால் இறந்தார்கள். பல ஆண்டுத் தடுப்பூசி வேலையால் அது இன்று ஆண்டுக்குச் சில பத்துப் பேராகக் குறைந்திருக்கிறது. நாய்க்கு அடுத்தபடியாகப் பூனையாலும் அது வரும். குட்டிக்கு மூன்று மாதத்தில் தடுப்பூசி போட வேண்டும். தெருவில் எடுத்த குட்டி பிள்ளையைக் கடித்தால், கீறினால், சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பார்ப்போம் என்று இருந்துவிடக் கூடாது.

ஈற்றை நிறுத்தாமல்

எவ்வளவு கவனமாக வீடு தேடினாலும் குட்டிகளின் எண்ணிக்கை வீடுகளின் எண்ணிக்கையைத் தாண்டிக்கொண்டேதான் இருக்கும். ஒரு ஊரில் பூனை எடுக்கக்கூடிய வீடுகள் ஓரிரு ஆண்டுகளில் முடிந்துவிடும். கருத்தடை இல்லாமல் நடக்கும் மீட்பு எல்லாமே ஓட்டைப் பானையில் தண்ணீர் வார்ப்பதுதான்.

சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு 1960களிலேயே தெரு நாய்களுக்குக் கருத்தடை செய்யத் தொடங்கியது. நாய்களைக் கொல்வதைச் சென்னை மாநகராட்சி விட்டு அந்த வழிக்கு வர 1996 ஆனது. இலங்கையில் தெரு நாய்களைக் கொல்வதை நிறுத்தும் கொள்கை 2006இல் வந்தது. இரண்டு நாட்டிலும் பேச்சும் பணமும் நாயைச் சுற்றியே சுழன்றன. பூனை ஒதுங்கி நடக்கும் பிராணி என்பதால் திட்டங்களிலும் ஒதுங்கிப் போய்விட்டது. விலங்குக் கொடுமைக்கு எதிரான நமது சட்டம் 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதில் உள்ள தண்டப்பணம் உச்சமாக நூறு ரூபாய். இன்று அது ஒரு பால் தேத்தண்ணிக்குப் போதுமோ தெரியாது. புதிய விலங்கு நலச் சட்டத்துக்குச் சட்ட ஆணைக்குழு 2006இல் வரைவு எழுதிக் கொடுத்தும், அரசாங்கங்கள் மாறி மாறி வந்தும், அது ஆண்டுக்கணக்கில் வரைவாகவே கிடந்தது. உரபாக்கைச் சட்டத்தால் நிறுத்த முடியும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

பூனைக்குட்டி ஒரு கிலோ எடைக்கு வந்து, ஆரோக்கியமாக இருந்தால், பழகிய மிருக வைத்தியர் கருத்தடை செய்யலாம். நான்கு மாதத்துக்குள் செய்துவிட்டால் முதல் ஈற்றே இல்லை. அந்தச் சத்திரசிகிச்சை முடிந்த பெட்டையை யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். கடுவன் கேட்டு வந்தவரே எடுத்துக்கொண்டு போவார். வாசலில் நின்று நாம் கேட்கும் கேள்விகளில் பாதி அதோடு தேவையற்றுப் போகும். வாங்குபவர் கவனமில்லாதவராக இருந்தாலும் கெடுதி அந்த ஒரு பூனையோடு நிற்கும்.

தடை எங்கே என்றால் தூரத்திலும் செலவிலும். இலங்கையில் மிருக வைத்தியப் பட்டப்படிப்பு பேராதனையில் மட்டும்தான். அங்கிருந்து வன்னிக்கு வரும் வைத்தியர்கள் குறைவு. வருபவர்களின் நாள் மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்குமே போதவில்லை. கூலி வேலை செய்யும் தாய் ஒருவர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி, மருந்துக்கும் காசு கட்டி வருவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அதனால் இரண்டு வேண்டுகோள். வடமாகாணக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் கரைதுறைப்பற்றிலும் புதுக்குடியிருப்பிலும் பூனைகளுக்கான நடமாடும் கருத்தடை முகாமை ஆண்டுக்கு இரண்டு தடவையாவது நடத்த வேண்டும். ஒரு பாடசாலை மண்டபம், ஒரு நாள், இரண்டு வைத்தியர்கள் போதும். விசர்நோய்த் தடுப்பூசியையும் அதே மேசையில் போட்டுவிடலாம். புலம்பெயர்ந்திருக்கும் முல்லைத்தீவு உறவுகளே, ஊர்க் கோயிலுக்கும் பாடசாலைக்கும் அனுப்பும் பணத்தில் சிறு பங்கை இதற்கு ஒதுக்குங்கள். குட்டி மீட்கும் தம்பி தங்கையரே, அந்த முகாம் வரும்வரை பெட்டைக் குட்டியைக் கருத்தடை செய்யாமல் கையை விட்டு அனுப்பாதீர்கள். செலவுக்கு முடியாவிட்டால் எடுக்க வருபவரிடமும் அயலாரிடமும் சேர்த்துக் கேளுங்கள். கொடுப்பார்கள்.